வெளக்கமாத்துக் கம்பி

எனக்குச் சங்கீதம் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. எம்.ஏ. தமிழ் படித்தபோது யாழ் நான்கு வகை என்று மனப்பாடம் செய்து பரீட்சை எழுதினேன். பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ். நல்ல மார்க்கு வந்தது. அதில் ஒன்றின் சத்தத்தையும் நான் கேட்டதில்லை. பாடம் நடத்தியவரும் கேட்டதில்லை. கேட்காத சத்தத்துக்கு மார்க்கு வாங்கியவள், கேட்ட சத்தம் ஒன்றைப் பற்றி இப்போது எழுதுகிறேன். எலக்ட்ரிக் கிடாரில் சிலைடு போட்டு வாசிக்கும் புளூஸ். அமெரிக்காவின் தெற்கில் பருத்திக்காட்டில் கூலி வேலை பார்த்த கறுப்பின மக்கள் உண்டாக்கிய சத்தம்.

எங்கள் துப்புரவுத் தொழிலாளர் சங்க ஆபீஸ் ஒரு சைக்கிள் கடை மாடியில் இருக்கிறது. 2019இல் ஒரு சாயங்காலம் மறுநாள் ஆர்ப்பாட்டத்துக்குத் தட்டி எழுதிக்கொண்டிருந்தோம். காலேஜில் படிக்கும் தம்பி ஒருவன் தன் செல்போனை எங்கள் பழைய ஸ்பீக்கர் பெட்டியில் மாட்டிப் பாட்டுப் போட்டான். தெருமுனைக் கூட்டங்களில் கத்திக் கத்தித் தொண்டை போன பெட்டி அது. கர்ரென்று ஓர் இழுவை. எனக்குப் பக்கென்றது. சங்கத்துக்கு இருப்பது அந்த ஒரு பெட்டிதான்.

"டேய், ஸ்பீக்கர் கிழிஞ்சு போச்சு, நிறுத்துடா."

"கிழிஞ்சது நம்ம ஸ்பீக்கர் இல்லக்கா. சிகாகோவுல உள்ளது. கிழிஞ்சு அம்பது வருசம் ஆகப்போகுது."

எல்லோரும் சிரித்தோம். ஆனால் நான் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன். தகரக் கதவைச் சிமெண்டுத் தரையில் இழுத்தால் பல் கூசுமே, அந்தக் கூச்சம் அதில் இருந்தது. கூடவே காலும் ஆடியது. இது எனக்குப் புதுசில்லை. எங்கள் தெருச் சாவுகளில் உள்ளே கிழவிகள் தொண்டை உடைந்து ஒப்பாரி வைப்பார்கள். வெளியே கொட்டுச் சத்தத்துக்கு இளவட்டங்கள் ஆடுவார்கள். அழுகையும் ஆட்டமும் எங்களுக்கு ஒரே வாசலில்தான்.

1972இல் பம்பாயில் தலித் பாந்தர் அமைப்பைத் தொடங்கியவர்கள் அமெரிக்கக் கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து பெயரை எடுத்தார்கள். அரசியலை எடுத்தார்கள், கோபத்தை எடுத்தார்கள். அவர்கள் வழியாக நமக்கும் அது வந்து சேர்ந்தது. கறுப்பின மக்களின் கவிதைகளைத் தமிழில் படித்தோம். அவர்களின் சத்தத்தை மட்டும் நாம் கேட்கவில்லை. நான் கேட்கவில்லை.

அன்று கேட்டது ஹவுண்ட் டாக் டெய்லர். வேட்டை நாய் டெய்லர். பெற்றவர்கள் வைத்த பெயர் தியடோர் ரூஸ்வெல்ட் டெய்லர். வெள்ளைக்கார ஜனாதிபதியின் பெயர். மிசிசிப்பி மாநிலத்தில் நாட்செஸ் ஊரில் பிறந்தவர். இரண்டு கையிலும் ஆறாறு விரல். ஒருநாள் போதையில் வலது கையின் ஆறாவது விரலைச் சவரக் கத்தியால் அறுத்துப் போட்டுவிட்டார். வெள்ளைக்காரப் பெண்ணோடு பழகினார் என்று கு கிளக்ஸ் கிளான் ஆட்கள் அவர் வீட்டு முற்றத்தில் சிலுவையைக் கொளுத்தினார்கள் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1942இல் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சிகாகோவுக்கு ஓடினார். இதற்கு நமக்கு விளக்கவுரை வேண்டியதில்லை. ஒரு கல்யாணத்தைச் சாக்காக வைத்து 2012 நவம்பரில் தர்மபுரி நத்தம் காலனியில் என்ன எரிந்தது என்று நமக்குத் தெரியும்.

சிகாகோவின் தெற்குப் பகுதியில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சின்ன மதுக்கடையில் டெய்லர் வாசிப்பார். இரண்டு கிடார், ஒரு டிரம். அவ்வளவுதான் குழு. விலை மலிந்த ஜப்பான் கிடார், கிழிந்த ஸ்பீக்கர். தனக்குச் சம்பளம் கொடுத்த ரிக்கார்டு கம்பெனி இவரைப் பதிவு செய்ய மறுத்ததால், அங்கே வேலை பார்த்த புரூஸ் இக்லவர் என்ற இளைஞர் தன் கைக்காசைப் போட்டு 1971இல் அலிகேட்டர் என்ற கம்பெனியையே தொடங்கினார். நாங்கள் கேட்டது அந்த முதல் ரிக்கார்டு. 1975இல் டெய்லர் புற்றுநோயில் செத்துப்போனார். "இவனுக்கு வாசிக்கவே தெரியாது, ஆனாலும் கேக்க நல்லாருந்துச்சு" என்றுதான் தன் சாவுக்குப் பிறகு பேசுவார்கள் என்று அவரே சொல்லிச் சிரிப்பாராம்.

இந்த இசையைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். பச்சை. வேகாதது. கரடு. பாராட்டாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் எனக்கு நெருடியது. நம் எழுத்துக்கும் இதே சர்ட்டிபிகேட்தானே? "ரொம்ப ராவா எழுதுறீங்க" என்று கூட்டம் முடிந்து வந்து கையைக் குலுக்குவார்கள். அனுபவத்தை அப்படியே கொட்டிவிட்டோமாம். கொட்டுவதற்கு நாம் என்ன குப்பை வண்டியா? ஒரு பத்தியை ஏழு தடவை அடித்து அடித்து எழுதுகிறவள் நான். அந்த ஏழு தடவை அவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. மேல்சாதிக்காரன் எழுதினால் அது கலை. நாம் எழுதினால் அது கதறல்.

அந்தக் கோபத்தில்தான் இந்தச் சத்தத்தைப் பிரித்துப் பார்க்க ஆரம்பித்தேன். பச்சை என்கிறார்களே, உண்மையில் இது எப்படி வருகிறது?

கிடாரின் கழுத்தில் குறுக்கே உலோகப் பட்டைகள் பதித்திருக்கும். வீணையில் மெட்டு என்பார்கள், அதுபோல. விரலால் கம்பியை அழுத்தினால் அந்தந்த மெட்டுக்குரிய சுரம் வரும். இரண்டு மெட்டுக்கு நடுவே உள்ளதுக்கு அங்கே இடமில்லை. சிலைடு வாசிப்பவர் விரலில் ஒரு குழாயை மாட்டிக்கொள்கிறார். உடைத்துத் தேய்த்த பாட்டில் கழுத்தாக இருக்கலாம், இரும்புக் குழாயாக இருக்கலாம். குழாய் இல்லாமல் கத்தியாலும் வாசித்திருக்கிறார்கள். 1903 வாக்கில் மிசிசிப்பியில் டட்வைலர் ரயில் நிலையத்தில் கந்தல் உடுத்திய ஒரு கறுப்பர் கிடார்க் கம்பிமேல் கத்தியை வைத்து வாசித்ததைக் கேட்டதாக டபிள்யூ.சி. ஹாண்டி எழுதியிருக்கிறார். டெய்லர் மாட்டியது சமையலறை நாற்காலிக் காலில் வெட்டிய குழாய். அதைக் கம்பிமேல் லேசாகத் தொட்டு வழுக்கினால், மெட்டு எதையும் மதிக்காமல் சத்தம் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழிந்து போகும். புளூஸ் பாடுகிறவர்களின் குரல் நிற்கிற இடம் பல நேரம் அந்த நடு இடம்தான். பியானோவில் அதற்குக் கட்டை கிடையாது. சிலைடில் உண்டு. ஆனால் இங்கே மெட்டு வந்து காப்பாற்றாது. இம்மி தப்பினாலும் நாராசம். காதை நம்பித்தான் நிற்க வேண்டும். வாசிக்கத் தெரியாதவன் செய்கிற வேலையா இது?

நம்மிடமும் இந்த வித்தை இருக்கிறது. கோட்டுவாத்தியம். மெட்டில்லாத வீணையில் மரக்கட்டையைக் கம்பிமேல் வழுக்கி வாசிப்பார்கள். சபாவில் அதை யாரும் பச்சை என்று சொல்வதில்லை. கமகம் என்கிறார்கள். வழுக்குவது ஒன்றுதான். மேடைதான் வேறு.

சரி, மின்சாரம் எப்படி வந்தது? மட்டி வாட்டர்ஸ் கதை அதைச் சொல்லும். மிசிசிப்பியில் கிளார்க்ஸ்டேல் பக்கம் ஸ்டோவல் பண்ணையில் டிராக்டர் ஓட்டியவர். 1941இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்காகப் பாட்டுச் சேகரிக்க வந்தவர்கள் பண்ணையில் அவர் குடியிருந்த வீட்டிலேயே அவர் பாட்டைப் பதிவு செய்தார்கள். பாட்டு நூலகத்துக்குப் போய்விட்டது, பாடியவர் டிராக்டரிலேயே இருந்தார். மணிக்கு 22.5 சென்ட் கூலி. 25 கேட்டார். முடியாது என்றார்கள். 1943இல் ரயிலேறிச் சிகாகோ போய்விட்டார். அவர் தனியாகப் போகவில்லை. 1910 முதல் 1970 வரை சுமார் 60 லட்சம் கறுப்பின மக்கள் தெற்கைக் காலி செய்துவிட்டுப் போனார்கள். வாரத்துக்குப் பயிரிட்டு, வருசக் கடைசியில் கணக்குப் பார்த்தால் பண்ணையாருக்கே கடன் நிற்கும் வாழ்க்கையிலிருந்து போனார்கள்.

சிகாகோ மதுக்கடைகளில் சத்தம் அதிகம். ஃபாக்டரி வேலை முடித்து வந்த சனம் பேசும், சிரிக்கும், சண்டை போடும். மரக் கிடார் அங்கே கேட்காது. 1944இல் மட்டி வாட்டர்ஸ் கைக்கு எலக்ட்ரிக் கிடார் வந்தது. சின்ன ஆம்ப்ளிஃபையரை அதன் சக்திக்கு மேல் திருகினால் உள்ளே வால்வு திணறும், சத்தம் உடையும். உடைந்த சத்தத்தை அவர்கள் பழுது என்று நினைக்கவில்லை. அதில் சிலைடு தீர்ந்துபோகாமல் நீண்டு நிற்பதைக் கண்டுகொண்டார்கள். எவ்வளவு திருகினால் எவ்வளவு உடையும் என்று கற்றுக்கொண்டு அந்த இடத்தில் நிறுத்தி வைத்தார்கள். பச்சை என்று சொல்கிறார்களே, அது வெந்து பதம் பார்த்து இறக்கியது.

இப்படித் தேடிப் படித்துக்கொண்டு போகும்போதுதான் என்னை உட்கார வைத்த செய்தி வந்தது. மிசிசிப்பிப் பருத்திக்காட்டுப் பிள்ளைகளுக்குக் கிடார் வாங்கக் காசு ஏது? வீட்டு வெளக்கமாற்றில் குச்சிகளை இறுக்கிச் சுற்றியிருக்கும் கம்பியை உருவுவார்கள். சுவரில் இரண்டு ஆணி அடித்து அந்தக் கம்பியை முறுக்கிக் கட்டுவார்கள். கம்பிக்கும் சுவருக்கும் நடுவே பாட்டிலோ கல்லோ செருகி நிமிர்த்துவார்கள். ஒரு கையால் தட்டி, இன்னொரு கையில் பாட்டிலை வைத்துக் கம்பிமேல் வழுக்குவார்கள். வீடே கிடார்ப் பெட்டி. ஒற்றைக் கம்பி. டிட்லி போ என்று அதற்குப் பெயர். பெரிய பெரிய புளூஸ்காரர்கள் பலருக்கும் முதல் கருவி அதுதான்.

வெளக்கமாறு என்றதும் எனக்கு வேறு எதுவும் மண்டையில் ஏறவில்லை. என் அம்மா பேரூராட்சியில் 26 வருசம் தெருக் கூட்டியது. மூங்கில் கழியில் தென்னங்குச்சியைச் சொருகி, கட்டுக் கம்பியால் இறுக்கிய வெளக்கமாறு. கம்பி நுனி நீட்டிக்கொண்டிருந்து உள்ளங்கையைக் கிழிக்கும். அம்மாவின் வலது கையில் இன்றும் இரண்டு கோடு இருக்கிறது, ரேகை மாதிரி. விடிகாலை நாலரைக்கு ஊருக்குள் சரட் சரட்டென்று கேட்கும் அந்தச் சத்தம்தான் எங்கள் வீட்டுச் சோறு.

ஏழாம் வகுப்பில் ஒரு வாத்தியார் வகுப்பைக் கூட்டச் சொல்லி என்னிடம் வெளக்கமாற்றை நீட்டினார். அறுபது பிள்ளைகள் இருந்தார்கள். "ஒனக்குத்தான் பழக்கம் இருக்கும்" என்றார். கூட்டினேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அம்மாவின் வெளக்கமாற்றைத் தூக்கி ஓடையில் எறிந்துவிட்டேன். அதற்கு அம்மாவின் கூலியில் பிடித்தார்கள். அதற்குப் பிறகு ஹாஸ்டலிலும் சரி, இப்போது நான் குடியிருக்கும் வீட்டிலும் சரி, வெளக்கமாற்றைத் தொட எனக்குக் கை கூசும். சங்க மேடையில் துப்புரவுத் தொழிலாளர் உரிமை பற்றி ஒரு மணிநேரம் பேசுவேன். வெளக்கமாற்றைத் தொடமாட்டேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. இங்கே எழுதுகிறேன்.

அதே வெளக்கமாற்றிலிருந்து ஒரு பிள்ளை கம்பியை உருவினான் என்று படித்தால் எனக்கு எப்படி இருக்கும்?

அப்படிக் கம்பி கட்டி ஆரம்பித்தவர்களில் ஒருவர் எல்மோர் ஜேம்ஸ். 1918இல் மிசிசிப்பியில் ரிச்லேண்டில் பிறந்தவர். இரண்டாம் உலகப்போரில் கடற்படைக்குப் போய்த் திரும்பி, கேன்டன் ஊரில் உறவுக்காரர் நடத்திய ரேடியோ ரிப்பேர்க் கடையில் வேலை பார்த்தவர். ரேடியோவைக் கழற்றி மாட்டிய கை, ஆம்ப்ளிஃபையரைச் சும்மா விடுமா? அவர் சத்தத்தின் முரட்டுத்தனத்தில் அந்த ரிப்பேர்க் கடைக்கும் பங்கு உண்டு. 1951 ஆகஸ்டில் ஜாக்சன் நகரில் அவர் பதிவு செய்த பாட்டின் பெயர் 'டஸ்ட் மை புரூம்'. என் வெளக்கமாற்றின் தூசியைத் தட்டுகிறேன் என்று அர்த்தம். 'கூட்டிப் பெருக்கி வைத்துவிட்டு இந்த இடத்தை விட்டே போகிறேன்' என்பதற்கு அவர்கள் வழக்கில் அப்படிச் சொல்வார்கள். 1936இல் ராபர்ட் ஜான்சன் அதைச் சிலைடு இல்லாமல் விரலால் வாசித்துப் பாடியிருந்தார். எல்மோர் அதன்மேல் சிலைடை வைத்தார், மின்சாரத்தை ஏற்றினார். கழுத்தின் பாதியில் ஏறி நின்று ஒரே இடத்தை மும்மூன்றாக அடிக்கும் அந்த ஆரம்பம், கதவைத் தட்டுவது போல இருக்காது. கதவைச் சாத்திவிட்டுப் போவது போல இருக்கும்.

எல்மோர் 1963இல் சிகாகோவில் மாரடைப்பில் இறந்தார். 45 வயது. மிசிசிப்பியில் அவர் புதைகுழிமேல் பெயர் பொறித்த கல் நட 1992 ஆனது. அதற்குள் அந்த ஆரம்பத்தை இங்கிலாந்து, அமெரிக்க வெள்ளைக்காரப் பையன்கள் எத்தனை பேர் வாசித்து எத்தனை கோடி சம்பாதித்தார்கள் என்பது தனிக்கதை. ரோலிங் ஸ்டோன்ஸ் குழு 1962இல் தன் பெயரையே மட்டி வாட்டர்ஸ் பாட்டிலிருந்துதான் எடுத்தது. அவர்கள் மதிக்கவில்லை என்று சொல்லவில்லை. மதித்தார்கள், பெயரும் சொன்னார்கள். ஆனால் பெயர் ஒரு பக்கமும் பெரும்பணம் இன்னொரு பக்கமும் போய்ச் சேர்ந்தது. அதே அறுபதுகளில் கறுப்பின இளைஞர்களில் பலர் புளூஸைத் தள்ளி வைத்தார்கள். அது பருத்திக்காட்டு ஞாபகம், குனிந்த முதுகின் பாட்டு என்று அவர்களுக்குக் கூசியது. அந்தக் கூச்சத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஓடையில் வெளக்கமாற்றை எறிந்தவளுக்கு அது புரியும்.

நம்மிடமும் பறையை வைத்து இதே வழக்கு நடந்தது, நடக்கிறது. சாவுக்கு அடிக்கமாட்டோம் என்று பறையைக் கொளுத்தியவர்கள் உண்டு. இது எங்கள் கலை என்று மேடையில் ஏற்றியவர்கள் உண்டு. இரண்டு பக்கமும் நம் தோழர்கள்தான். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் பறை குறைந்தபட்சம் ஒரு இசைக்கருவி. வெளக்கமாற்றை என்ன செய்வது? அதைப் போற்றச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். 2014 அக்டோபர் 2ஆம் தேதி மந்திரிகளும் நடிகர்களும் புது வெளக்கமாறு பிடித்துப் போட்டோவுக்கு நின்றார்களே, ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கும் அம்மாதான் கூட்டியது. அந்தப் போற்றுதல் நமக்கு வேண்டாம். அதை ஓடையில் எறிந்தாலும் தீரவில்லை. மறுநாள் புதுசு கொடுத்தார்கள், கூலியில் பிடித்தார்கள்.

மிசிசிப்பிப் பிள்ளை இரண்டையும் செய்யவில்லை. கும்பிடவும் இல்லை, எறியவும் இல்லை. கலைத்தான். தன்னைக் கூட்ட வைத்த சாமானைப் பிரித்து, அதில் தனக்கு வேண்டியது எது என்று பார்த்து, கம்பியை மட்டும் உருவிக்கொண்டான். அந்தச் சத்தத்தில் எனக்குப் பிடித்தது துயரம் இல்லை. துயரம் நம்மிடம் வேண்டிய மட்டும் இருக்கிறது, யாரும் இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. கம்பியை உருவின அந்தக் கைதான் எனக்குப் பிடித்தது. சிலைடு வழுக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கை தெரிகிறது.

இப்படி எழுதி முடித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அம்மா வேலையிலிருந்து நின்று, இப்போது என்னோடு இருக்கிறது. போன மாதம் ஒரு மத்தியானம் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தது. செல்போனில் எல்மோர் ஜேம்ஸைப் போட்டேன்.

"என்னடி இது, ரம்பத்தால கம்பிய அறுக்குற மாதிரி இருக்கு?"

கதையைச் சொன்னேன். பருத்திக்காடு, கூலி, சிகாகோ, சுவரில் ஆணி எல்லாம் சொன்னேன். அம்மா கீரையை விட்டுவிட்டுக் கேட்டது.

"வெளக்கமாத்துக் கம்பியவா உருவுனான்?"

"ஆமாம்மா."

"அப்ப குச்சியெல்லாம் பொலபொலன்னு கொட்டிப் போயிருக்குமே. மறுநா அவங்காத்தா எதை வச்சுடி கூட்டுனா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. நான் படித்த எதிலும் அது இல்லை. கம்பியை உருவியவர்களின் பெயர் இருக்கிறது, பிறந்த ஊர் இருக்கிறது, ரிக்கார்டு வந்த வருசம் இருக்கிறது. மறுநாள் அவிழ்ந்த வெளக்கமாற்றோடு குனிந்தவள் இல்லை.

"அந்த வெளக்கமாத்தாலயே நாலு சாத்து சாத்தியிருப்பா" என்று அம்மாவே சொன்னது. கொஞ்சநேரம் கழித்து, "கம்பியத்தான் உருவிட்டானே, எதை வச்சுச் சாத்துவா" என்று தனக்குத்தானே சிரித்தது. சிரித்துக்கொண்டே வலது உள்ளங்கையைப் பார்த்தது. பிறகு கீரையை எடுத்துக்கொண்டது.

பாட்டு மூன்று நிமிசத்துக்குள் முடிந்துவிட்டது. தரையெல்லாம் முருங்கை ஈர்க்கு. அம்மா எழுந்திருக்கப் போனது. "நீ இரும்மா" என்று சொல்லி நான் போய் வெளக்கமாற்றை எடுத்து வந்தேன். கை கூசத்தான் செய்தது. கூட்டினேன். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கூட்டவே தெரியல ஒனக்கு" என்றது.